மலையம்மாவுக்குப் போன பூ

எங்கள் மொட்டைமாடியில் நிற்கும் கண்ணாடி வீட்டுக்குப் பதினொரு யன்னல்கள். யன்னல்கள் மட்டும்தான், சுவர் கிடையாது. இந்தச் சிசிலி நகரத்தின் கால்சாப் பகுதியில் அம்மா வேலை செய்யும் பழைய மாளிகையைத் திருத்தியபோது, மரச்சட்டத்தோடு கழற்றி வாசலில் சாத்தி வைத்திருந்தவற்றை வீட்டுக்கார சிஞ்ஞோராவிடம் கேட்டு வாங்கினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், கைவண்டி ஒன்று, பழைய போர்வைகள் ஆறு. நாங்கள் இருக்கும் அல்பெர்கேரியாவின் ஒழுங்கைகளுக்குள் அவற்றை உருட்டிக்கொண்டு வந்தபோது சந்தைக் கடைக்காரர்கள் பெட்டிகளை இழுத்து வழிவிட்டார்கள். ஒருவர் மட்டும், "யன்னல் இருக்கிறது, வீடு எங்கே?" என்று கேட்டார். அம்மா தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில், "மேலே" என்று வானத்தைக் காட்டினார்.

மேலேதான். ஐந்து மாடி, மின்தூக்கி இல்லை.

எலுமிச்சை தெருவோரத்தில் காய்க்கும் ஊரில் கண்ணாடி வீடு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். நான் குளிரூட்டலும் காற்றோட்டமும் படித்தவள். நகரத்தை அடுத்த சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழங்களைச் சேமிக்கும் குளிர் அறைகளைப் பராமரிப்பது என் வேலை. ஆகவே இந்தக் கேள்விக்கு அளவுகளோடு பதில் சொல்லிப் பழகிவிட்டேன். எங்கள் மாடியில் தை மாதத்து விடியற்காலை வெப்பநிலை ஆறு பாகை வரை இறங்கும். அதைத் தேங்காய் தாங்கும். கார்த்திகையில் தொடங்கி மாசி வரைக்கும் நிற்காமல் கொட்டும் மழையைத் தாங்காது. வடக்கு நாடுகளில் கண்ணாடி போடுவது சூட்டை உள்ளே வைத்திருக்க. நான் போட்டது ஈரத்தை வெளியே வைத்திருக்க.

தேங்காய் என்று நான் சொல்வது உண்மையில் ஒரு கிழங்கு. தென்னாபிரிக்காவின் வறண்ட மேற்குக் கரையைச் சேர்ந்தது. அதன் பெயர் புரூன்ஸ்விகியா. படிப்பு முடிந்ததும் பயிற்சிக்காக ஆறு மாதம் ஒல்லாந்தின் வடக்கே, கண்ணாடிக்குள் தக்காளி வளர்க்கும் ஓரிடத்துக்குப் போயிருந்தேன். கூரைக் கதவுகள் எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தன என்று குறிப்பதுதான் என் வேலை. அங்கே என்னோடு வேலை செய்தவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். வீட்டுக்குப் பின்னால், ஒரு மிதிவண்டிக் கொட்டகை அளவில் சொந்தமாக ஒரு கண்ணாடி வீடு வைத்திருந்தாள். அது முழுக்க ஆபிரிக்கக் கிழங்குகள். பதினாறு வயதில், பிறந்தநாளுக்கு உடுப்பு வேண்டாம் என்று சொல்லி ஒரு பொட்டலம் விதை வாங்கியிருக்கிறாள். அதில் பிழைத்தவை இரண்டு. நான் புறப்பட்ட அன்று அவற்றில் ஒன்றைத் தூக்கித் தந்தாள். காரணம் கேட்டேன். "யாரும் கேட்காமலே என் கொட்டகையின் வெப்பநிலையை ஆறு வாரம் எழுதி வைத்தவள் நீ ஒருத்திதான்" என்றாள்.

தடித்த காலுறைக்குள் போட்டு விமானத்தில் கொண்டு வந்தேன். அப்போது அது ஒரு பெரிய வெங்காயம் அளவு. ஆண்டுதோறும் பருத்து, தும்பு போன்ற பழுப்புத் தோல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, உண்மையிலேயே உரிக்காத தேங்காய் போல ஆனது. அம்மாதான் பெயர் வைத்தார். காலையில் மாடிக்குப் போய்விட்டு வந்தால், "என்னவாம் உன்ரை தேங்காய்?" என்று கேட்பார். ஒன்றும் இல்லை என்பேன். "ஒண்டும் இல்லையெண்டு சொல்லவே அஞ்சு மாடி ஏத்தி வைச்சிருக்கிறாய்?" என்பார்.

அந்தக் கிழங்கின் வாழ்க்கை அம்மா ஊரில் பார்த்து வளர்ந்த பயிர்களுக்கு நேர் எதிரானது. மழைக்காலத்தில் இரண்டு மூன்று அகன்ற இலைகளை விரிக்கும். கோடையில் இலை காய்ந்து, சட்டியில் ஒரு பழுப்புக் குமிழ் மட்டும் கிடக்கும். அப்போது அதற்குச் சூடு வேண்டும், தண்ணீர் ஒரு துளியும் கூடாது. இதை அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டாம் ஆண்டு ஆடி மாதத்தில், மண் ஈரமாக இருப்பதைக் கண்டேன். முகர்ந்தேன். அரிசி கழுவின தண்ணீர்.

"பாவம், பிள்ளை. தொண்டை வறண்டு போய்க் கிடந்துது" என்றார் அம்மா.

அன்றுதான் அட்டை எழுதினேன். பெரிய எழுத்தில், தமிழில், ஏழு வரி. கோடையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அரிசித் தண்ணீரும் தண்ணீர்தான். சட்டியைத் திருப்பக் கூடாது. தோலை உரிக்கக் கூடாது. மேல் யன்னலைப் பகலில் சாத்தக் கூடாது. பக்கத்தில் மிளகாய் காயப்போடக் கூடாது. உள்ளே வந்து போனால் கதவைச் சாத்த வேண்டும். நெகிழித்தாள் சுற்றிக் கதவில் ஒட்டினேன். அம்மா கண்ணாடி போட்டு வாசித்து, ஓம் என்று தலையாட்டினார். அதன்பின் ஒரு வரியையும் மீறவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஏழாம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், காய்ந்த மண்ணில் கிடந்த அந்தக் குமிழின் நடுவிலிருந்து ஒரு சிவந்த மூக்கு எட்டிப்பார்த்தது. இலை இல்லை, தண்ணீர் இல்லை, எதுவும் இல்லை. நாளுக்கு இரண்டு விரற்கடை உயர்ந்தது. நான் படம் எடுத்து ஒல்லாந்துக்கு அனுப்பினேன்.

அவள் உடனே அழைத்தாள். அவளுடையதும் அந்த மாதத் தொடக்கத்தில் பூத்துவிட்டதாம், முதன்முறையாக. பூத்து முடிந்த கையோடு செத்தும் விட்டதாம். கோடை முழுக்க அங்கே மழை. கூரைக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. அவள் கவனிப்பதற்குள் கிழங்கின் அடி கூழாகிவிட்டது. பதினேழு ஆண்டு வளர்த்ததைப் பற்றி அவள் அளவாகத்தான் பேசினாள். பிறகு சொன்னாள்: "ஆனால் மலர்ந்த அன்றே மகரந்தத்தை எடுத்து உலர்த்தி வைத்துவிட்டேன்."

இந்த இனம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. இன்னொரு செடியுடையது வேண்டும். ஆகவே கணக்கு எளிது. என் பூ, அவளுடைய மகரந்தம், இந்த ஒரு முறை. அடுத்த பூ எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, மகரந்தமோ அதுவரை உயிரோடு இருக்காது. விதை பிடித்தால் அவளுடைய செடியின் பாதி மிஞ்சும். பிடிக்காவிட்டால் அதோடு முடிந்தது.

ஒரு வாரத்தில் தபால் வந்தது. மருந்துக் குளிசையின் வெறுங்கூடு ஒன்றுக்குள், நெருப்புக்குச்சித் தலை அளவு மஞ்சள் பொடி. அதைச் சிறு டப்பாவில் வைத்து, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், கறித்தூளுக்கும் புளிக்கும் இடையே வைத்தேன். மேலே எழுதினேன்: "மகரந்தம். சமையலுக்கு அல்ல."

"விளங்குது, விளங்குது" என்றார் அம்மா. "இந்தச் சொட்டுத் தூளை வைச்சு நான் என்ன கறி காய்ச்சிறது?"

செப்டெம்பரில் பூ விரிந்தது. ஒரு தண்டு, அதன் உச்சியில் நாலா பக்கமும் காம்பு நீட்டி இருபத்தாறு சிவப்புப் பூக்கள். கோயிலில் தூக்கும் அடுக்கு விளக்கைத் தலையில் வைத்தது போல இருந்தது. அம்மா மாடிக்கு வந்து பார்த்தார். வழக்கமாக எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவர் அன்று கையை மட்டும் கூப்பினார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பூ விரிந்தவுடன் சூல்முடி, அதாவது பூவின் நடுத்தண்டு நுனி, மகரந்தத்தை ஏற்காது, சில நாள் பொறுக்க வேண்டும். சனிக்கிழமை மாலை பார்த்தேன், நுனிகள் விரியத் தொடங்கியிருந்தன. என் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: ஞாயிறு காலை ஒன்பது மணி, வண்ணத்தூரிகை, உருப்பெருக்கிக் கண்ணாடி, நூல், சிறு அட்டைகள்.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. மேல் யன்னல் திறந்திருந்தது. சட்டி திரும்பவில்லை. மண் காய்ந்திருந்தது. கிழங்கின் உச்சியில், கூரான கத்தியால் சீராக வெட்டப்பட்ட அடித்தண்டு மட்டும் நின்றது. வெட்டில் சாறு இன்னும் உலரவில்லை.

அம்மா எங்கே போயிருப்பார் என்று யோசிக்கத் தேவையில்லை. இங்குள்ள தமிழர்களில் பலருக்கு, சைவமோ கிறிஸ்தவ வேதமோ, ஞாயிறு என்றால் பெல்லெக்ரீனோ மலைதான். அங்கே குகைக்குள் இந்த நகரத்தின் காவல் புனிதை சிலையாகப் படுத்திருக்கிறா. அம்மா அவவை மலையம்மா என்பார். எங்கள் சமையலறைத் தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அவவின் படமும் இருக்கிறது, திருநீற்றோடு. அம்மா மாதம் ஒருமுறை, கூட வேலை செய்யும் பெண்களோடு, பழைய கல்வழியால் வெறுங்காலோடு ஏறுவார். ஏறும்போது தொலைபேசி எடுப்பதில்லை.

நான் ஸ்கூட்டரில் போனேன். ஒரு நப்பாசையில் தூரிகையையும் நூலையும் எடுத்துக்கொண்டு, மகரந்தக் கூட்டைப் பனிக்கட்டிப் பையோடு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். வேலையில் அதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்: குளிர் இடையில் விட்டுப்போகக் கூடாது.

குகைக்குள் நுழைந்தவுடன் தெரிந்தது. புனிதையின் கண்ணாடிப் பேழைக்கு முன்னால், ரோசாக்களுக்கும் சாமந்திகளுக்கும் நடுவில், ஒரு வாளிக்குள் என் அடுக்கு விளக்கு நின்றது. பக்கத்தில் அம்மா, முகமெல்லாம் வியர்வையும் மகிழ்ச்சியுமாக.

"வந்திட்டியே! பாத்தியே, எல்லாரும் இதைத்தான் பாக்கினம்."

"அம்மா, ஏன் வெட்டினனீங்கள்?"

"மெதுவாக் கதை. முதல் பூ எல்லே? பிறகு ஆருக்குக் குடுக்கிறது, உனக்கே?"

"அட்டையிலை அவ்வளவு எழுதி வைச்சனான்."

"ஓம், வாசிச்சனான். வெட்ட முன்னம் திரும்பவும் ஒருக்கா வாசிச்சனான். தண்ணி ஊத்தேல்லை. சட்டியைத் திருப்பேல்லை. கதவையும் சாத்திப்போட்டுத்தான் வந்தனான். வெட்டப்படாதெண்டு எங்கை எழுதிக் கிடக்கு? காட்டு பாப்பம்."

அட்டையின் படம் என் தொலைபேசியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஏழு வரிகள்தான் இருந்தன.

"உனக்கு அந்த நிரந்தர வேலை கிடைச்சா, வீட்டிலை பூக்கிற பெரிய பூவைக் கொண்டு வாறன் எண்டு நேர்ந்தனான்" என்றார் அம்மா. "வேலை மாசியிலை கிடைச்சிட்டுது. வீட்டிலை என்ன பூத்துது? துளசி. அதைக் கொண்டு வந்தா மலையம்மா சிரிப்பா. இதுக்குத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். சாமிப்பூவை மணந்து பாத்திடுவன் எண்ட பயத்திலை மூக்கைப் பொத்திக்கொண்டெல்லே மலை ஏறினனான்."

"அம்மா, ஒல்லாந்துப் பிள்ளையின்ரை செடி செத்துப் போச்சு. அதிலை மிச்சம், இந்தப் பெட்டிக்குள்ளை கிடக்கிற தூள் மட்டும்தான். இந்தப் பூவிலை வைச்சாத்தான் விதை வரும்."

அம்மாவின் முகம் மாறியது. "இதை ஏன் முன்னமே சொல்லேல்லை?"

"சொன்னனான்."

"நீ மகரந்தம் எண்டு சொன்னனீ. செத்துப் போச்செண்டு சொல்லேல்லை."

அதுவும் உண்மைதான். டப்பாவில் என்ன எழுத வேண்டுமோ அதை எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.

"அப்ப எடுத்துக்கொண்டு போவம்" என்றேன்.

"வைச்ச பூவை உடனை எடுக்கப்படாது."

"அம்மா!"

"எடுக்கப்படாது எண்டால் எடுக்கப்படாது. இண்டைக்கு அவவின்ரை. வாடின பிறகு கேக்கலாம்."

வெளியே படிக்கட்டில் நின்று ஒல்லாந்துக்கு அழைத்தேன். நடந்ததை ஒழுங்காக, வரிசைப்படி சொன்னேன். மறுபக்கத்தில் ஒரு சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"குகைக்குள்ளா? ஒரு புனிதையின் காலடியிலா?"

"ஓம்."

"தண்டு எவ்வளவு நீளம்?"

"முழுசாக. கிழங்கோடு ஒட்ட வெட்டியிருக்கிறா."

"அப்படியென்றால் உன் அம்மாவுக்கு நன்றி சொல். அதன் சொந்த ஊரில் என்ன நடக்கிறது தெரியுமா? காய் பிடித்ததும் தண்டு தானே முறிந்துவிடும். காற்று அந்தத் தலையைச் சக்கரம் போல உருட்டிக்கொண்டு போகும், போகிற வழியில் விதை கொட்டும். காய் முற்றத் தேவையான சாப்பாடு முழுக்கத் தண்டிலேயே இருக்கிறது. வெட்டிய தண்டிலும் பிடிக்கும் என்று சொல்வார்கள். நான் செய்து பார்த்ததில்லை. போ, போய் வை."

குளிர் அறையில் பழங்கள் மரத்திலிருந்து பிரிந்த பிறகும் மூச்சு விடுகின்றன என்று ஒவ்வொரு பருவமும் புது வேலையாட்களுக்குச் சொல்பவள் நான். இது எனக்கே தோன்றவில்லை.

திரும்ப உள்ளே போனேன். தூரிகையை எடுத்துப் பேழையின் முன் முழங்காலிட்டேன். வேறு எப்படியும் அந்த உயரத்துக்குக் குனிய முடியாது. குகையின் கூரையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டும். அதைப் பிடிக்கத் தகடுகளால் பீலிகள் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் இடைக்கிடை ஒரு துளி தவறி விழும். மகரந்தம் நனைந்தால் வெடித்து வீணாகும். முதல் துளி என் மணிக்கட்டில் விழுந்தது.

"அம்மா, மேலை ஏதாவது பிடியுங்கோ."

அம்மா தன் கைப்பையைப் பூவுக்கு மேலே நீட்டிப் பிடித்தார். நான் ஒவ்வொரு பூவாகத் தொட்டேன். நுனி விரிந்திருந்தவை பதினான்கு. தொட்டவற்றில் நூல் கட்டினேன்.

பின்னாலிருந்து அம்மாவோடு மலை ஏறி வந்த அன்ரி ஒருவரின் குரல் கேட்டது. "என்ன பிள்ளை, பூவுக்குப் பொட்டு வைக்கிறியே?"

"சும்மா இருங்கோ" என்றார் அம்மா, கையை அசைக்காமல். "அவள் கலியாணம் செய்து வைக்கிறாள்."

"ஆருக்கு?"

"தேங்காய்க்கு. மாப்பிள்ளை ஒல்லாந்து. பெட்டிக்குள்ளை வந்தவர்."

அன்ரி கொஞ்சம் யோசித்தார். "சாதகம் பாத்தனீங்களே?"

"அண்ணனும் தங்கச்சியும் அன்ரி, ஒரே பொட்டலத்து விதை" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்ரி சிவ சிவா என்று இரண்டு அடி பின்வாங்கினார். என் தூரிகை சிரிப்பில் ஆடி, பதினைந்தாவதாக நுனி விரியாத ஒரு பூவிலும் பட்டுவிட்டது; அதிலும் நூல் கட்டினேன். இதற்கிடையில் எங்களுக்குப் பின்னால் சிசிலியப் பெண்கள் மூவர் வரிசையில் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ தமிழர் சடங்கு என்று நினைத்திருப்பார்கள். முழுக்கத் தவறும் இல்லை.

மீதி இருந்தது கோயில் பணியாள். திங்கட்கிழமை காலையில் பழைய பூக்களையெல்லாம் அள்ளிக் குப்பையில் போடுபவர் அவர்தான். அம்மா அவரிடம் நேரே போனார். நாளைக்கு இதை மட்டும் எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும், எங்கள் வழக்கத்தில் சாமிக்கு வைத்த பூவை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவோம், அது ஆசீர்வாதம் என்று பாதி இத்தாலியத்திலும் பாதி கையாலும் விளக்கினார். அவர் பூவைப் பார்த்தார், நூல்களைப் பார்த்தார், என் தூரிகையைப் பார்த்தார்.

"இதிலிருந்து ஏதாவது பிறக்குமா, சிஞ்ஞோரா?"

"பிறக்கும்" என்றார் அம்மா. என்னைக் கேட்கவில்லை.

நான் ஒரு தாளில் இத்தாலிய மொழியில் எழுதி வாளியில் ஒட்டினேன். எறிய வேண்டாம். நகர்த்தலாம். நனைக்க வேண்டாம். வெட்ட வேண்டாம். ஏன் என்றும் ஒரு வரி எழுதினேன்: இதன் துணைச் செடி இறந்துவிட்டது.

திங்கள் காலை வேலைக்கு முன் போனபோது, பூத்தண்டு அவருடைய சிறு அறையில், சொட்டு விழாத மூலையில், பழைய செய்தித்தாளில் சுற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் தாளும் அதன்மேல் ஒட்டியிருந்தது. கடைசி வரிக்குக் கீழே அவர் தன் கையால் ஒரு சிறு சிலுவை போட்டிருந்தார்.

சமையலறையில், காலித் தக்காளிச்சாறுப் போத்தல் ஒன்றில், தண்ணீர் இல்லாமல் தண்டை நிறுத்தினோம். இடம் அம்மா தேர்ந்தது: பிள்ளையாருக்கும் மலையம்மாவுக்கும் நடுவில். முதல் வாரம் பூக்கள் வாடி உதிர்ந்தன. நூல் கட்டாத காம்புகள் காய்ந்தன. நான் தினமும் அளந்தேன். பத்தாம் நாள் நூல் கட்டிய ஒரு காம்பின் அடி அரை மில்லிமீற்றர் பருத்திருந்தது. அளவுகோல் பிழையாக இருக்கலாம் என்று அம்மாவுக்குச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நாள் அம்மா தானே கண்டுபிடித்தார்.

"இஞ்சை வா, இஞ்சை வா! வயிறு வைச்சிருக்கு!"

ஒன்பது காய்கள் நின்றன. அவற்றில் ஒன்று, அன்ரியின் சாதகக் கேள்வியில் தவறித் தொட்ட அந்தப் பதினைந்தாவது. தண்டு மஞ்சளாகிச் சுருங்கச் சுருங்கக் காய்கள் பருத்தன. அதே நேரத்தில் மாடியில், வெட்டுப்பட்ட கிழங்கு எதுவும் நடக்காதது போல ஒக்டோபர் மழையோடு இலை விட்டது. நவம்பரில் காய்த்தோல் தாள் போலக் காய்ந்து வெடித்தது. உள்ளே உருண்டையான, சதைப்பற்றான விதைகள், பச்சையும் இளஞ்சிவப்புமாக, முத்துப் போல. முப்பத்தொன்று. அவை மண்ணுக்காகக் கூடக் காத்திருக்கவில்லை, இரண்டு நாளில் தட்டிலேயே முளைவிட்டன.

பதினாறை ஈரமில்லாத பாசியில் பொதிந்து ஒல்லாந்துக்கு அனுப்பினேன். சட்டிகளில் வரிசையாக நட்ட படம் வந்தது. பின்னால், அவளுடைய கூரையில் புதுக் கண்ணாடி. ஒவ்வொரு சட்டியிலும் ஒரு சிறு அட்டை. பெரிதாக்கிப் பார்த்தேன். இலக்கமும், அதன் கீழே "மலையின் அம்மா" என்று அவள் மொழியில் எழுதியதும் தெரிந்தன.

மீதிப் பதினைந்தும் எங்கள் பதினொரு யன்னல்களுக்குள் இருக்கின்றன. நட்டு முடித்த மாலை அம்மா ஏறி வந்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இதுகள் பூக்க எவ்வளவு காலம் செல்லும்?"

"பதினைந்து, பதினேழு வருசம், அம்மா."

"நல்லது. ஒவ்வொண்டின்ரை முதல் பூவும் மலையம்மாவுக்கு. நேர்ந்திட்டன்."

"எல்லாத்தையுமே?"

"நீ விதையை எடு. ஆர் வேண்டாமெண்டது? முதல் தூள் வை, பிறகு வெட்டுவம். இந்த முறை நீ சொன்ன ஒழுங்கிலையே செய்வம்."

பேனையை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனேன். அட்டையில் எட்டாவது வரிக்கு இடம் இருந்தது. வெட்டக் கூடாது என்று எழுதத் தொடங்கி, நிறுத்தி, "வெட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிடவும்" என்று எழுதினேன். அம்மா கண்ணாடி போட்டு வாசித்து, ஓம் என்று தலையாட்டினார்.